இரண்டாம் தடவை சொல்கிறவர்

எங்கள் கல்லூரியில் குரல் இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்காது. நேர்முகத் தேர்வில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டு முதல்வர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரகடம் ரோட்டில் நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரி ஓடுகிறது, அதையும் மீறிப் பாடம் காதில் விழ வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தத் தேர்வில் எப்படித் தேறினார் என்றே தெரியாத ஓர் இயற்பியல் ஆசிரியை எங்களோடு பல வருடம் வேலை பார்த்தார். அவர் பாடம் நடத்தினால் மூன்றாவது பெஞ்சைத் தாண்டிக் கேட்காது. தாண்டிக் கேட்க வேண்டாம் என்றுதான் அப்படி நடத்தினார்.

நான் தமிழ்த்துறை. இயற்பியல் மாணவர்களுக்கு முதல் பீரியட் அவர், இரண்டாவது நான். சேர்ந்த புதிதில் ஒருநாள் மணி அடிப்பதற்குச் சற்று முன்பே போய் வாசலில் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. பிள்ளைகளை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாரோ என்று எட்டிப் பார்த்தால், வகுப்பில் பாதிப் பேர் மேஜையில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் முன்பக்கமாக நெருங்கி உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் பலகையில் எழுதியபடி, இப்போதுதான் கைக்குழந்தையைத் தூங்கவைத்த வீட்டில் பேசுகிற குரலில், நிலைமம் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கட்டி கிறீச்சிட்டால் ஒரு நொடி நின்று, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

தூங்குகிறவர்கள் யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் கம்பெனிக்குப் போகாமல் படிக்கிற பிள்ளை குறைவு. பக்கத்திலிருக்கிற பிள்ளைப்பாக்கத்துப் பையனானாலும் சரி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறவனானாலும் சரி, ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, கம்பெனிச் சட்டையும் சேஃப்டி ஷூவுமாக நேரே வகுப்புக்கு வருவான். அறைக்குப் போய்ப் படுக்கலாம்தானே என்று கேட்டால், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே பகலில் படுக்க முடியாது என்பான். இங்கே ஃபேன் இருக்கிறது, வருகைப்பதிவும் கிடைக்கிறது.

இவர்களை என்ன செய்வது என்பதில் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு கொள்கை. வேதியியல்காரர் முகம் கழுவ அனுப்புவார். வணிகவியல் அம்மா எழுந்து நிற்கவைப்பார். கணக்கு வாத்தியார் பக்திமான், தூங்குகிறவன் தலையில் கை வைத்து ஜெபித்துவிடுவார். அவன் திடுக்கிட்டு விழித்து, பயந்துபோய் ஆமென் என்பான். நான் மேஜையைத் தட்டுகிற கட்சி. இயற்பியல் அம்மாவை எல்லோரும் கேலி செய்வோம். ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும் என்பதை மேடம் பாடமாக நடத்தவில்லை, செய்முறையாகவே நடத்துகிறார் என்று வேதியியல்காரர் சொன்னது கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. இயற்பியல் அம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போதும் கண் சிவந்திருக்கும். அவர் கண் வெளுத்திருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. முதல் பீரியடில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் இரண்டாவது பீரியடில் முழித்திருந்தார்கள். என் வகுப்பில் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள், நான் அடிக்கிற ஜோக்குக்குச் சிரித்தார்கள். அந்த வகுப்பில் எனக்கு மேஜையைத் தட்டவே அவசியம் வரவில்லை. தமிழ் சார் வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்று எனக்கொரு பெயர் வந்ததெல்லாம் இப்படித்தான்.

சரி, தூங்கியவர்களுக்குப் பாடம்? அதற்கு அவர் வேறு ஏற்பாடு வைத்திருந்தார். மாலையில் நாங்கள் எல்லோரும் கல்லூரிப் பஸ்ஸில் இடம்பிடிக்க ஓடுவோம். அவர் மட்டும் கைப்பையை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து, கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற நிழற்குடைக்குப் போவார். ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகிற பிள்ளைகள் அங்கேதான் காத்திருப்பார்கள். நிழற்குடையின் பின்சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, காலையில் நடத்திய பாடத்தை அப்படியே மறுபடி நடத்துவார். அங்கே லாரிச் சத்தத்துக்குத் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும். அவருக்கும் குரல் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. ஒவ்வொரு பஸ்ஸாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், பாடம் கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். கடைசி பஸ் போனதும் சுவரைத் துடைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி சேரப்பணஞ்சேரியில் இருக்கிற வீட்டுக்குப் போவார்.

ஒருநாள் எங்கள் பஸ் கிளம்பத் தாமதமானபோது நானும் போய் நின்று பார்த்தேன். துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள் சிலர் அதே பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி அவரிடம் வந்து, "மேடம், நேத்து சொன்னது பாதில கீது. வண்டி வந்துட்ச்சு. இன்னிக்கி அத்த முடிச்சிடுங்க, எனுக்கு மண்டைய கொடையுது" என்றாள். அவர் நேற்றைய பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். சொன்னதையே சொல்வதில் அவருக்கு ஒரு சலிப்பும் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் சலித்துப்போயிருந்தார். மீட்டிங், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாமே அவருக்குப் பாரமாகத்தான் இருந்தன. "இன்னொரு தடவ சொல்றேன்" என்று ஆரம்பிக்கும்போது மட்டும் முதுகு நிமிரும்.

மாணவர்களை அவர் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். ஆளைப் பெயர் சொல்லித் திட்டி நான் கேட்டதில்லை. இதற்கெல்லாம் ஏதோ சோகக் கதை இருக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி யாரோ ராத்திரி ஷிஃப்ட்டில் அடிபட்டிருப்பார் என்று வணிகவியல் அம்மா அடித்துச் சொன்னார். ஒரு மழை நாளில் இயற்பியல் அம்மா எங்கள் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்தது. நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அப்டியெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார். "நானும் படிக்கும்போது கம்பெனி லைன்ல நின்னவதான். கிளாஸ்ல தூங்குனா எங்க மேடம் எழுப்பி நிக்கவெப்பாங்க. நின்னுகிட்டே தூங்கக் கத்துக்கிட்டேன். பாடம் கத்துக்கல. அப்புறமா எல்லாத்தையும் தனியா உக்காந்து மொதல்ல இருந்து படிச்சேன்." அவ்வளவுதான். சோகமாகக்கூடச் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார், ஆனால் தூங்கவில்லை.

அவரும் ஒப்பந்த ஆசிரியர், நானும் ஒப்பந்த ஆசிரியர். எனக்கு இன்னும் வயது இருந்தது. அவருக்கு இல்லை. எங்கள் நிர்வாகத்தில் ஒரு வயதுக்கு மேல் நிரந்தரம் செய்யமாட்டார்கள், அடுத்த வருடத்தோடு அவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். தாண்டினால் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆகவே அந்த வருட நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்தால்தான் அவருக்கு இந்தக் கல்லூரி. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். ஆனால் பட்டியல் என்ற சொல் காதில் விழுந்தால் சாப்பிடுகிற கை நின்றுவிடும்.

அந்த வருடம் பட்டியலுக்கு முன்னால் ஒரு பார்வைக் குழு வருவதாக இருந்தது. கல்லூரியை நடத்துகிற சபையின் உயர்கல்வி வாரியத்திலிருந்து வருகிறார்கள், அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் நிரந்தரம் என்றார் தாளாளர். அவர் போதகரும்கூட. கிறிஸ்தவ உயர்கல்வி ஆசிரியராகத் தங்கள் கற்பித்தல் தத்துவம் என்ன என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. திருநீறு வைக்கிற என்னைப் போன்றவர்களுக்கும் விலக்கு இல்லை. எழுதியதையெல்லாம் திருத்திப் புத்தகமாக்கும் வேலை, தமிழ் வாத்தியார் என்பதால் என் தலையில் விழுந்தது.

பாதிப் பேர் தோட்டக்காரர்களாக இருந்தார்கள். ஆசிரியர் தோட்டக்காரர், மாணவர் இளம் செடி, கல்வி தண்ணீர். எல்லோரும் ஒரே இணையப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும், உரம் என்ற சொல்லில் ஒரே எழுத்துப் பிழை. மிச்சம் இருந்தவர்களில் மேய்ப்பர்கள் சிலர், குயவர் ஒருவர். கணக்கு வாத்தியார் மூன்று மாறிகள் உள்ள சமன்பாட்டில் திரித்துவத்தைக் கண்டிருந்தார். நானும் தோட்டக்காரன்தான். என் வீட்டில் துளசிகூடப் பிழைத்ததில்லை.

இயற்பியல் அம்மாவின் தாளில் இரண்டே வரி. "முதல் தடவை சொல்வது யார் காதிலும் விழுவதில்லை. அதனால் இரண்டாம் தடவையும் சொல்கிறேன்."

முதல்வர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். திருத்துகிறவன் என்று நானும் அறையில் இருந்தேன். முதல்வர் கெட்ட மனிதர் அல்ல, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பெற்றோர் கட்டணம் கட்டுவது பிள்ளை தூங்குவதற்கு அல்ல, வந்தவன் எல்லாம் படுத்தால் அப்புறம் இதற்குக் கல்லூரி என்று பெயர் எதற்கு என்றார். பிறகு வேதத்துக்குப் போனார். ஆண்டவரே கடைசி ராத்திரியில் தோட்டத்தில் தூங்கிப்போன சீடர்களை எழுப்பினாரே, அது நமக்குப் பாடம் இல்லையா என்று கேட்டார்.

இயற்பியல் அம்மா கொஞ்சம் யோசித்தார். "எழுப்புனாரு ஐயா. திரும்பி வந்து பாத்தா மறுபடியும் தூங்கிக்கிட்டிருந்தாங்க. கடைசியில, சரி தூங்குங்கன்னு சொல்லிட்டாரே."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்த்துப் பேசுகிற தொனி அதில் துளியும் இல்லாததால் கோபப்படவும் முடியவில்லை. ஒரு பக்கமாவது வருகிற மாதிரி கொஞ்சம் நீட்டி எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். "இதையே இன்னொரு தடவ எழுதித் தரட்டுங்களா ஐயா?" என்றார் அவர். கேலிக்குச் சொல்லவில்லை. வேறென்ன எழுதுவது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் முதல்வர் எல்லா வகுப்புக்கும் ஒரு செய்தி சொல்லச் சொன்னார். ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள் நாளைக்கு வர வேண்டாம், வருகைப்பதிவு கொடுத்துவிடுவோம். இங்கே எந்தக் கல்லூரியிலும் பார்வை நாள் என்றால் இப்படித்தான் செய்வார்கள், இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. இயற்பியல் அம்மாவும் முதல் பீரியடில் சொன்னார். அவருடைய வழக்கமான குரலில் சொன்னார். கேட்க வேண்டியவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதில் அவருக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. எதையும் மாலையில் மறுபடி சொல்கிற வழக்கம்தானே. ஆனால் அன்று மாலை அவரை விடவில்லை. லேபில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டச் சொல்லி, இருட்டுகிற வரைக்கும் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் ரோட்டைக் கடந்து ஓடியபோது கடைசி கம்பெனி பஸ்ஸும் போயிருந்தது. கையில் பசையோடு நிழற்குடையில் தனியாக நின்றுகொண்டிருந்ததைக் கல்லூரிப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நண்பர்கள் சொல்லி, முக்கால்வாசிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு மட்டும் போகவில்லை. அவன் இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு மறுநாள் காலை நேரே வகுப்புக்கு வந்து, முதல் பெஞ்சிலேயே கவிழ்ந்துவிட்டான்.

குழுவோடு கூடவே போகிற வேலை எனக்கு. தெற்கேயிருந்து வந்த ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒரு அம்மையார்தான் தலைவர். கூட இரண்டு பெரியவர்கள். நாங்கள் இயற்பியல் வகுப்பு வாசலுக்குப் போனபோது, வகுப்புத் தலைவி அந்தப் பையனைக் காட்டி, எழுப்பிவிடட்டுமா என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள். இயற்பியல் அம்மா எங்களைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். ஒரு கணம், எழுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நிலைமையில் நான் இருந்தால் தண்ணீர் தெளித்தே எழுப்பியிருப்பேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மையார் எல்லோருக்கும் கணீரென்று காலை வணக்கம் சொல்ல வாய் திறந்தார். இயற்பியல் அம்மா சட்டென்று உதட்டில் விரலை வைத்தார்.

குழுத் தலைவரைப் பார்த்து ஓர் ஒப்பந்த ஆசிரியை அப்படிச் செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை.

அம்மையார் குரலைத் தாழ்த்தி, "அந்தத் தம்பிக்கு உடம்புக்கு முடியலையோ?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காரு மேடம். ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்திருக்காரு. சாயந்தரம் அவருக்கு மறுபடி சொல்லிக்குவேன்" என்றார்.

குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. அவர் தன் குரலிலேயே பாடத்தைத் தொடர்ந்தார். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்களில் ஒருவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு பார்த்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். மணி அடித்தது. அடுத்த பீரியட் என்னுடையது, அதே வகுப்பு. குழுவும் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தது. தென்காசிப் பையன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கேட்ட முதல் கேள்விக்கே பளிச்சென்று பதில் சொன்னான். ஒரு பாடலை மனப்பாடமாக, அசை பிசகாமல் சொன்னான். அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார். என்னிடம் வந்து, வகுப்பென்றால் இப்படி உயிரோடு இருக்க வேண்டும் என்றார். அவன் ஏன் உயிரோடு இருக்கிறான் என்று நான் சொல்ல வாய் எடுத்தேன். அவர்கள் அதற்குள் அடுத்த துறைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வருடக் கடைசியில் சேப்பலில் நன்றி ஆராதனை. மதிய வேளை, நல்ல வெயில். ஆராதனை முடிவில் தாளாளர் பட்டியலை வாசிப்பார். அதற்கு முந்தின வாரமெல்லாம் செய்முறைத் தேர்வு. ராத்திரி ஷிஃப்ட் இல்லாதவர்களுக்குக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஷிஃப்ட்காரர்களுக்கு மாலையில் ஒரு தடவை என்று சொல்லிச் சொல்லி இயற்பியல் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுவரோரமாக, தன் மாணவர்கள் நடுவே வந்து உட்கார்ந்தார். நான் இரண்டு வரிசை பின்னால். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் தலை சுவரில் சாய்ந்தது. அவர் தூங்கி நான் பார்த்தது அப்போதுதான். வாய் லேசாகத் திறந்து, கைப்பை மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மாணவி அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தாளாளர் பட்டியலை வாசித்தார். ஆராதனை என்பதால் கைதட்டல் இல்லை, ஒவ்வொரு பெயருக்கும் ஆமென் மட்டும். என் பெயர் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். அவர் பெயருக்காகக் காத்திருந்தேன். பட்டியல் முடிந்துவிட்டது. அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த மாணவர்கள் யாருடைய பெயருக்கும் வாய்விட்டு ஆமென் சொல்லவில்லை. பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது அவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அது புரிவதற்கு முன்பிருந்தே அவர்கள் உதட்டை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். எங்கள் சேப்பலில் பெஞ்சுதான், செருப்பைக் கழற்றுகிற வழக்கம் கிடையாது. சேஃப்டி ஷூ போட்டு மொசைக் தரையில் நடந்தால் கட்டடமே அதிரும். அந்த வரிசையிலிருந்த பிள்ளைகள் குனிந்து ஷூவைக் கழற்றினார்கள். கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். தென்காசிப் பையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசி ஆள் போனதும் அது அடிக்காமல் மெல்லச் சாத்தினான். நான் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல்வர் போகும்போது என் பக்கம் குனிந்து, "சொல்லிப் பாத்தேன் சார். வகுப்புல உயிர் போதாதுன்னு எழுதிட்டாங்க" என்று கிசுகிசுத்தார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. சேப்பலில் நானும் இயற்பியல் அம்மாவும் மட்டும் மிஞ்சினோம். எழுப்பலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் வீட்டுக்குப் போகிற மறைமலை நகர் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அவர் விழித்தபோது வெயில் இறங்கிவிட்டது. காலியாக இருந்த பெஞ்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் மாணவி வைத்துவிட்டுப் போன கைப்பையை எடுத்துக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"பட்டியல் வாசிச்சாங்களா சார்?"

"வாசிச்சாங்க மேடம். என் பேரு இருந்துச்சு. உங்க பேரு இல்ல."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

முதலில் சொன்னதைவிட மெதுவாக, மறுபடியும் சொன்னேன்.